தலை தட்டாத படி

நெல் அளந்து பழகியவர்களுக்கு லூக்கா சுவிசேஷம் 6-ஆம் அதிகாரத்தின் 38-ஆம் வசனத்தை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. “அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து, உங்கள் மடியிலே போடுவார்கள்” என்கிறது அந்த வசனம். களத்துமேட்டில் மரக்காலைப் பிடித்தவர் கையில்தான் எல்லாம் இருந்தது. நெல்லை மேலோட்டமாக அள்ளிப் போட்டுத் தலையைத் தட்டிவிட்டால் அது ஓர் அளவு. அள்ளிப் போட்டு, ஒரு குலுக்குக் குலுக்கி, உள்ளங்கையால் அமுக்கி, மறுபடியும் அள்ளிக் கூம்பாக நிறுத்தினால் அது வேறோர் அளவு. இரண்டும் ஒரே மரக்கால்தான். கணக்கில் இரண்டுக்கும் ஒரே கோடுதான் விழும். வாங்கிக்கொண்டு போகிறவளின் மடிக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் இந்த வசனம் பெரும்பாலும் காணிக்கை நேரத்தில்தான் காதில் விழுகிறது. கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதியாகவே அதைக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் ஆண்டவர் அதைச் சொன்ன இடத்தில் காணிக்கைப் பை இல்லை. சத்துருக்களைச் சிநேகியுங்கள், திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பாராமல் கடன் கொடுங்கள், மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, அந்தப் பேச்சின் முடிவில்தான் மரக்காலை எடுக்கிறார். அதே மூச்சில், எந்த அளவினால் அளக்கிறீர்களோ அந்த அளவினால்தான் உங்களுக்கும் அளக்கப்படும் என்றும் சொல்லிவிடுகிறார். மடியை விரித்து நிற்கச் சொன்ன வசனம் என்று நாம் நினைத்தது, அளக்கிற கையைப் பற்றிய வசனமாக இருக்கிறது.

இயேசுவிடம் ஒருவருக்கு உண்மையான அன்பு இருக்கிறதா என்பது அன்றாடத்தில் எங்கே தெரியும் என்று கேட்டால், நான் அந்தக் கையைத்தான் காட்டுவேன். என் சொந்தக் கருத்து என்பதற்காகச் சொல்லவில்லை. சுவிசேஷங்கள் அப்படித்தான் சொல்கின்றன. காவிரிப் படுகையில் 300 ஆண்டுகளுக்கு மேலாகக் கிறிஸ்தவர்கள் வாழ்ந்த கதையும், அதன் நல்ல பக்கங்களிலும் கெட்ட பக்கங்களிலும், அதையே சொல்கிறது.

முதலில் யோவான் சுவிசேஷத்தின் 21-ஆம் அதிகாரம். இரவு முழுவதும் வலை வீசியும் ஒன்றும் அகப்படாத மீனவர்கள் கரைக்கு வருகிறார்கள். நாகப்பட்டினம், தரங்கம்பாடிக் கரைகளில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு அந்தச் சோர்வு தெரியும். கரையில் கரிநெருப்பு; அதன்மேல் மீன்; பக்கத்தில் அப்பம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் கையால் காலை உணவு ஆக்கிவைத்திருக்கிறார். யோவான் ‘கரிநெருப்பு’ என்று எழுதுவது இரண்டே இடங்களில். ஒன்று, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டே பேதுரு அவரை மறுதலித்த இடம். இன்னொன்று இந்தக் கடற்கரை. அதே புகை வாசனைக்குப் பக்கத்தில் பேதுருவை உட்காரவைத்து, என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார்.

மூலமொழியில் அந்த உரையாடலில் அன்புக்கு இரண்டு சொற்கள் வருகின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பும் ‘அன்பாயிருக்கிறாயா’ என்றும் ‘நேசிக்கிறாயா’ என்றும் இரண்டாகவே வைத்திருக்கிறது. அந்த வேறுபாட்டை வைத்து நீண்ட பிரசங்கங்கள் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பதிலுக்குப் பிறகு நடப்பது. பேதுரு, ஆம் ஆண்டவரே என்று சொன்னதும், எவ்வளவு நேசிக்கிறாய் என்று அவர் அளந்து பார்க்கவில்லை. அழச் சொல்லவில்லை, சத்தியம் கேட்கவில்லை. என் ஆடுகளை மேய் என்கிறார், அவ்வளவுதான். கேள்வி அவரைப் பற்றியது. பதிலோ இன்னொருவருடைய பசியைப் பற்றியதாகிவிடுகிறது. மூன்று முறையும் அப்படியே.

இந்த அன்பைத் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் எப்படி அடையாளம் கண்டுகொண்டார்கள் என்பதற்குத் தஞ்சாவூரில் ஒரு பழைய சாட்சி இருக்கிறது. பிரஷ்யாவில் பிறந்த மிஷனரி கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் ஸ்வார்ட்ஸ் 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1778-இல் தஞ்சாவூரையே தம் ஊராக்கிக்கொண்டார். 1780-களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படைகள் சோழமண்டலத்துக்குள் புகுந்தபோது வயல்கள் பாழாகின. கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் குடியானவர்கள் கொண்டுவரவில்லை. முன்பு கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குப் பணம் வந்து சேராததுதான் காரணம். அரசர் துளஜாஜி கேட்டும் பயனில்லை, கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகள் வாக்குக் கொடுத்தும் பயனில்லை. அவர்களுடைய வாக்கு செல்லாக்காசாகியிருந்தது.

கடைசியில், நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று ஸ்வார்ட்ஸிடம் விட்டார்கள். உங்கள் மாடுகளுக்கும் நெல்லுக்கும் நான் பொறுப்பு, என் கையால் தருகிறேன் என்று அவர் ஓலை அனுப்பினார். ஓரிரு நாட்களில் ஏறக்குறைய 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சேர்ந்தது. கலம் என்றால் 12 மரக்கால். அத்தனை மரக்கால் நெல்லும் ஒரு மனிதர் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி வண்டியேறியிருக்கிறது. அவர் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பணம் கொடுத்து, மேலே சிறிது வெகுமதியும் சேர்த்து அனுப்பினார். தம் கடிதத்தில் இதைச் சில வரிகளில் எழுதிவிட்டுக் கடந்து போகிறார். பின்பு, கொடுமை தாங்காமல் ஊரை விட்டுப் போயிருந்த குடியானவர்கள், அரசர் அழைத்தும் வராதவர்கள், இவர் அழைத்ததும் சுமார் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். நீங்கள் எங்களிடம் காட்டிய பரிவுக்கு இரவு பகலாக உழைப்போம் என்ற பொருளில் பதில் சொன்னார்களாம்.

அவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இல்லை. அவருடைய இறையியல் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் அளந்தால் அளவு சரியாக இருக்கும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஒரு நாளில் வருகிற நம்பிக்கை இல்லை அது. முப்பது ஆண்டுகளாகச் சின்னச் சின்ன விஷயங்களில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே வந்த ஒருவருக்கு, ஊர் பட்டினி கிடந்த நேரத்தில் அது கைகொடுத்தது.

தஞ்சாவூர் சிவகங்கைக் கோட்டையில் அவர் 1779-இல் கட்டிய ஆலயத்துக்குள், இங்கிலாந்தின் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. 1798-இல் ஸ்வார்ட்ஸ் மரணப்படுக்கையில் கிடக்க, இளவரசர் சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். செய்வித்தவரும் சரபோஜிதான். ஸ்வார்ட்ஸின் பொறுப்பில் வளர்ந்தும் அவர் கடைசிவரை தம் குலத்தின் சமயத்திலேயே இருந்தார். அந்தக் கையை மட்டும் விடவில்லை. நான் அந்த ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கைகளின் முன்னால்தான் நிற்கிறேன்.

தரங்கம்பாடியின் மிஷனரி சீகன்பால்குவைப் பற்றி இங்கே நீட்டிச் சொல்லப் போவதில்லை. 1706-இல் வந்தார், தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார், 36 வயதில் இறந்தார் என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தது. ஒன்று மட்டும். 1708-இன் இறுதியில் டேனிஷ் கோட்டையின் அதிகாரி அவரைப் பிடித்து ஏறக்குறைய நான்கு மாதம் சிறையில் வைத்தார். ஒரு விதவையின் பண வழக்கில் அவளுக்காகப் பேசியது அந்த மோதலுக்கு ஒரு காரணம். வேதத்தை மொழிபெயர்த்த அதே கையால் விதவையின் வழக்கிலும் தலையிட்டது அவருக்கு இரண்டு வேறு வேலைகளாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

மாயவரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையையும் நினைக்காமல் இருக்க முடியாது. தமிழின் முதல் நாவலை 1879-இல் அச்சேற்றியவர் என்றே பலருக்கும் அவரைத் தெரியும். கத்தோலிக்கர். 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் அதைப் பார்த்துவிட்டு அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனையே பாடினார். கஞ்சித்தொட்டியில் நின்றவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை.

இவ்வளவும் பெருமையாகச் சொல்லலாம். கெட்ட பக்கத்தையும் திருப்ப வேண்டும்.

யாக்கோபு எழுதிய நிருபத்தின் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் இருக்கிறது. வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று. கூலியே வாய் திறந்து கத்துகிறது. இதைவிட டெல்டாவுக்கு நேராக எழுதப்பட்ட வசனம் வேதத்தில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அறுப்பின் பண்டிகை ஆராதனைகளில் இதை எடுத்துப் பிரசங்கித்து நான் கேட்டது மிகக் குறைவு. நெற்கதிரும் பூசணியும் வாழைத்தாரும் பீடத்தின் முன் அடுக்கியிருக்கும். அறுத்தவர்களின் கூலி தீர்ந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை.

1968, டிசம்பர் 25. நாகப்பட்டினத்துக்கு மேற்கே கீழ்வெண்மணியில் அன்று இரவு, ஒரு சின்னக் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெண்களும் பிள்ளைகளுமே அதில் அதிகம். எல்லோரும் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்கள். கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்து நின்றதும் அதற்குப் பின்னால் இருந்த காரணங்கள். அரைப்படி! அன்று காலையில் இந்தப் படுகையின் ஒவ்வொரு கோயிலிலும் தொழுவத்தில் பிறந்த பாலகனைப் பற்றிப் பாடியிருப்பார்கள். அந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பார்க்காமல் டெல்டாவில் ஒரு கிறிஸ்தவன் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. “மிகவும் சிறியவராகிய என் சகோதரர்” என்று அவர் யாரைச் சொன்னார் என்ற கேள்விக்கு, தேதியோடும் இடத்தோடும் ஒரு பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

சபைக்குள்ளேயும் அளவு இரண்டாகத்தான் இருந்தது. தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் ஒரே கூரையின் கீழ் சாதிக்கு ஓர் இடமென்று பிரித்து உட்கார்ந்தார்கள். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுமையாக நிற்க வேண்டும் என்று எழுதியபோது தஞ்சாவூரில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஸ்வார்ட்ஸின் மாணவரும், இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளை இயற்றியவருமான வேதநாயகம் சாஸ்திரியாரே பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார். அவருடைய பாடல்களைப் பாடும்போது எனக்கு இன்றும் கண் கலங்கும். அதனால்தான் இதைச் சொல்ல வலிக்கிறது. உள்ளம் உருகப் பாடுகிற அன்பு, பக்கத்தில் உட்கார்ந்தவருடைய தோளைத் தொட மறுக்க முடியும். தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று யோவான் கேட்டது இதைத்தான். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போதும், வரன் பார்க்கும்போதும் அந்தக் கேள்வி நம் வாசலில் வந்து நிற்கிறது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அப்படியானால் பாட்டும் ஜெபமும் நேர்த்திக்கடனும் வீண், ஏழைக்குக் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பெத்தானியாவில் அப்படிச் சொன்னவன் யூதாஸ். மரியாள் ஒரு இராத்தல் நளத தைலத்தை அவர் பாதங்களில் ஊற்றித் தன் தலைமயிரால் துடைத்தபோது, இதை முந்நூறு பணத்துக்கு விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் போட்டான். திராட்சத்தோட்டத்து உவமையின்படி ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. ஏறக்குறைய ஓர் ஆண்டுக் கூலியை அவள் ஒரே நேரத்தில் தரையில் ஓடவிட்டாள். ஆண்டவர் அவளை விடுங்கள் என்றார். அவரிடம் நேராகச் செல்கிற, கணக்குப் பார்க்காத ஓர் அன்பு முதலில் வேண்டும். அது இல்லாமல் செய்கிற தர்மம் சீக்கிரம் களைத்துவிடும், அல்லது பெயர்ப்பலகை தேடும்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் தஞ்சாவூர் சாலையிலும் திருவாரூர் சாலையிலும் காவி உடுத்தி, தேர் இழுத்து, வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மரியாளின் தைலம்தான் நினைவுக்கு வருகிறது. ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும் திருவிழாவுக்காக நாட்கணக்கில் நடக்கிறார்கள். பாதம் வெடித்திருக்கும். நான் சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவன். சின்ன வயதில் அந்த நடையைக் குறையாகப் பேசக் கேட்டு வளர்ந்தேன். இன்று அப்படிப் பேச மாட்டேன். வழியில் மோர்ப்பந்தல் போட்டுத் தண்ணீர் கொடுக்கிற இந்துக் குடும்பங்களும் முஸ்லிம் கடைக்காரர்களும் அந்த நடைக்குள் இருக்கும் அன்பை என்னைவிட முன்னதாகவே அடையாளம் கண்டிருந்தார்கள். நடந்துவிட்டுத் திரும்புகிறவர் ஊரில் எப்படி அளக்கிறார் என்பது மட்டும்தான் மீதிக் கேள்வி.

அளப்பதற்கு இன்று மரக்கால் இல்லை. நெல் 40 கிலோ சிப்பமாகிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. ஈரப்பதம் 17 சதவீதமா என்று கருவி சொல்கிறது. ஆனால் அளக்கிற கை எங்கேயும் போய்விடவில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் தலைமடைக்காரர் வயலில் தண்ணீர் முதலில் பாயும், கடைமடைக்காரர் காத்திருப்பார். முறை வைத்துப் பாய்ச்சுகிற வாய்க்காலில், இரவில் எழுந்துபோய் அடுத்தவர் மடையை அடைத்துவிட்டு வருவது யாருக்கும் தெரியாத காரியம். காலையில் குடும்ப ஜெபத்தில் உட்காரும்போதும் யாருக்கும் தெரியாது. அடுத்தவர் மடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுப்பதுதான் அந்த வாரத்தின் ஸ்தோத்திர பலி என்று நான் துணிந்து சொல்வேன்.

நடவுக்கு இப்போது வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தரகர் பேசுகிறார், தரகர் வாங்குகிறார். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசியதில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று நிலத்துக்காரர் கேட்பதில்லை. கேட்கலாம். மொழி தெரியாவிட்டாலும் காசை நேரில் எண்ணிக் கொடுக்கலாம்; வரப்பில் நிழல் காட்டி, வீட்டில் குடிக்கிற தண்ணீரையே குடிக்கக் கொடுக்கலாம். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் சொல்கிறது. வங்கி விடுமுறை, நெல் பணம் இன்னும் ஏறவில்லை என்று காரணம் சொல்ல நமக்குத் தெரியும். இரவு அடுப்பு எரிய வேண்டுமே என்பதைத்தான் மோசேயின் சட்டம் யோசித்திருக்கிறது.

வீட்டுக்குள்ளும் ஓர் அளவு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் குழம்புச் சட்டியின் அடியை வழித்துச் சாப்பிடுகிறவர் யார்? கரிநெருப்பில் தாமே மீன் சுட்டுவைத்துவிட்டு, வாருங்கள், சாப்பிடுங்கள் என்று அழைத்த ஆண்டவரைத் தொழுதுவிட்டு வந்த ஆண்கள், மறுபடியும் உட்கார்ந்த இடத்திலேயே சோறு கேட்கிறோம்.

என் அப்பாயி ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார். பிடியரிசிக் காணிக்கை, ஞாயிறன்று கோயிலுக்குப் போகும். அதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், சபையிலும் அது தெரியும். இன்னொன்றைப் பிறகுதான் கவனித்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு படி அரிசி கைமாற்று வாங்கினால், வாங்கும்போது அவரே படியின் தலையை விரலால் வழித்துவிடுவார். நான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது அமுக்கி, குலுக்கி, கூம்பாக நிறுத்தி, சிந்திவிடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவார். வாசலில் நின்று கேட்டேன், ஏன் அப்பாயி இவ்வளவு என்று. அவங்க வீட்டில் நாலு நாள் இந்த அரிசி இல்லாமல் இருந்ததே, அதுக்குத்தான் என்றார்.